ஸ்ட்ரெதம் வீட்டுச் சாடிகள்

ஜேர்மன் தெரிந்ததால்தான் அந்த வீட்டில் எனக்கு வேலை கிடைத்தது. ஜேர்மன் தெரிந்ததால்தான் அங்கிருந்து லேசில் விலகவும் முடியாமல் போனது.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து காலம். தென்ஜேர்மனியில் ஒரு சின்ன ஊரில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு நாங்கள் லண்டனுக்கு வந்திருந்தோம். ஜேர்மனியில் கணவர் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் நின்றேன். அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததும் அங்கிருந்த மற்றத் தமிழர்கள் செய்ததையே நாங்களும் செய்தோம். பிள்ளைக்கு இங்கிலிஷ் வேண்டும், கோயில் வேண்டும், நாலு தமிழ்ச் சனம் வேண்டும் என்று ஹரோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை எடுத்துக் குடிவந்தோம். கணவருக்கு ஒரு களஞ்சியசாலையில் ஷிப்ட் வேலை கிடைத்தது. மகளுக்கு எட்டு வயது. அவள் ஜேர்மனியில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் ஒரு சொல்லும் பேசுகிறாளில்லை என்று ஆசிரியை சொன்னபோது, வீட்டில் இனி ஜேர்மன் கதைக்கவே கூடாது என்று நாங்கள் கட்டளை போட்டோம். அவள் வீட்டிலும் பேசாமல் விட்டாள்.

ரெய்னர்ஸ் லேனில் மரக்கறிக்கடை வைத்திருந்த அண்ணை ஒருவர்தான் அந்த வேலையைச் சொன்னார். நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன்.

"தங்கச்சி, உமக்கு ஜேர்மன் வடிவாத் தெரியுமெல்லே? ஸ்ட்ரெதமிலை ஒரு வயசுபோன மனிசியைப் பாக்க ஆள் தேடுகினம். ஜேர்மன் தெரிஞ்ச ஆள்தான் வேணுமாம்."

"நல்ல கதை அண்ணை. விட்டுட்டு வந்த பாசையிலை வேலை தேடுறதே?"

"பாசை எதெண்டா என்ன? போய்ப் பாரும். பிடிக்காட்டி விடும்."

பிடிக்காவிட்டால் விடலாம் என்றுதான் நானும் நினைத்துப் போனேன்.

அந்த வீடு தெற்கு லண்டனில், பிரதான வீதியிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்தது. கதவைத் திறந்தவர் அந்த அம்மாவின் மகன். ஐம்பது வயது இருக்கும். பாலங்களைப் பரிசோதிக்கும் வேலை, வாரம் முழுக்க ஊர் ஊராகப் போய்வருவார். மெதுவாகப் பேசுகிற, களைத்துப்போன மனிதர்.

"அம்மாவுக்கு மறதி நோய். இங்கிலிஷ் முழுக்கப் போய்விட்டது. சின்ன வயதில் பேசிய ஜேர்மன் மட்டும்தான் மிச்சம். எனக்கு அது ஒரு சொல்லும் தெரியாது," என்றார்.

"அம்மா சொல்லித் தரவில்லையா?"

"உலகப் போர் முடிந்து வந்தவர். தெருவில் அந்த மொழியில் வாய் திறந்தால் சனம் திரும்பிப் பார்க்குமாம். அதனால் வீட்டுக்குள்ளும் பேசவில்லை. அப்பா இங்கிலிஷ்காரர். அவருக்கும் அது வசதியாகப் போயிற்று."

திங்கள் காலை போனால் வெள்ளி மாலை வரைக்கும் நான் அங்கேயே தங்க வேண்டும். சனி, ஞாயிறு மகன் பார்த்துக்கொள்வார். சாமான் எல்லாம் அவரே வாங்கி நிரப்பிவிட்டுப் போவார். அந்த அம்மா இரண்டு தடவை இரவு உடுப்போடு வீதிக்குப் போய்விட்டாராம். அதனால் முன்கதவை உள்ளே நின்று பூட்டி, திறப்பை நான் கழுத்தில் போட்டிருக்க வேண்டும். பின்கதவை ஏற்கெனவே ஒரு பெரிய அலுமாரி வைத்து அடைத்துவிட்டார்கள். யன்னல்கள்? யன்னல் எதையும் திறக்க ஏலாது. எல்லா யன்னல் கட்டுகளிலும் சாடிகள் இருந்தன.

சாடி என்று நான் சொல்வது ஒரு வசதிக்காக. ஒடுங்கிய கழுத்துத் தண்ணீர்க் கூசா, பூச்சாடி, மூடிவைத்த குவளை, தட்டு, மெழுகுதிரித் தண்டு என்று அறுபது எழுபது உருப்படி. எல்லாம் சுட்ட மண். எல்லாவற்றின் மேலும் பச்சை, தேன் நிறம், கபிலம், கருநீலம் என்று தடித்த கண்ணாடிப் பூச்சு. ஒன்றிலாவது வெறும் இடம் கிடையாது. திராட்சைக் குலையோடு முந்திரிகைக் கொடி சுற்றும், கொடிக்குள் சிங்க முகம் இருக்கும், சிங்கத்தின் வாயில் வளையம் தொங்கும். கைப்பிடி என்று பிடித்தால் அது மீன்வால் பெண்ணாக இருக்கும். பிதுங்கிய காற்சட்டையும் இறகுத் தொப்பியும் போட்ட போர்வீரர்கள் கூசாவைச் சுற்றி அணிவகுப்பார்கள். முதல் நாள் பார்த்தபோது நானூறு ஐந்நூறு வருடத்துப் பழைய பொருட்கள் என்றே நினைத்தேன்.

நினைவு தெளிவாக இருந்த ஒரு காலையில் அந்த அம்மாவே என்னைத் திருத்தினார்.

"பழசா? இல்லவே இல்லை. இதெல்லாம் மயோலிக்கா, பூச்சுப் பூசிச் சுட்ட மண். என் தாத்தா காலத்தில் காசுக்காரர்களுக்கு ஒரு ஆசை. தங்கள் வீடு அந்தக்காலப் பிரபு வீடு மாதிரி இருக்க வேண்டுமாம். எங்கள் ஊர்த் தொழிற்சாலை அதைப் பார்த்து, பழைய பாணியில் அச்சுச் செய்து நூறு நூறாய் வார்த்துத் தள்ளியது. இங்கே பாருங்கள்." ஒரு கூசாவைத் திருப்பி, விலாவில் மேலிருந்து கீழே ஓடிய மெல்லிய கோட்டை விரலால் காட்டினார். "இரண்டு பாதியை ஒட்டிய இடம். என்ன பூசினாலும் இது மறையாது. என் அம்மா அங்கேதான் பூச்சுப் பூசினார். மாலையில் வரும்போது விரல் நகமெல்லாம் பச்சை."

இங்கிலாந்தில் கல்யாணம் முடித்த வருடம், பிரிக்ஸ்டன் சந்தையில் ஒரு பழைய சாமான் கடையில் தன் ஊர் முத்திரை குத்திய கூசா ஒன்றைக் கண்டாராம். அதன் கழுத்தில் தாடிக்கார முகம் ஒன்று கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைத்தான் முதலில் வாங்கினார். பிறகு நாற்பது வருடம் சந்தை சந்தையாகத் தேடி வாங்கி வீட்டை நிரப்பிவிட்டார்.

அவற்றைத் துடைப்பதும் என் வேலை. துணியால் துடைத்தால் ஆகாது. இலை நரம்புக்குள்ளும் சிங்கப் பிடரிக்குள்ளும் தூசு போய்க் குந்திக்கொள்ளும். வர்ணம் தீட்டும் தூரிகையால் ஒவ்வொன்றாய்த் தட்டியெடுக்க வேண்டும். ஒரு அறை முடித்து அடுத்த அறைக்குப் போனால் முதல் அறையில் மறுபடி தூசு படிந்திருக்கும். யன்னல் கண்ணாடியில் சாடிகளுக்கு இடையே ஒரு கையகல இடைவெளி இருந்தது. அதனூடாக எதிர்வீட்டுச் சுவரும் குப்பைவாளியும் தெரியும். யாராவது நடந்து போனால் ஒரு தோளும் ஒரு பையும் தெரிந்து மறையும். செவ்வாய்க்கிழமை வந்தால் எனக்கு மூச்சு முட்டத் தொடங்கும். வியாழனன்று கழுத்தில் கிடக்கும் திறப்பைச் சும்மா தடவிப் பார்ப்பேன். கதவைத் திறந்து படியில் நின்றுவிட்டு வரலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த அம்மா எனக்குப் பின்னாலேயே வந்துவிடுவார். அவர் வந்தால் மறுபடி உள்ளே கூட்டிவருவது பெரும்பாடு. அதனால் திறக்க மாட்டேன்.

மகளோடு இரவில் போனில் பேசுவேன்.

"சாப்பிட்டனீயோ?"

"ம்."

"பள்ளிக்கூடம் எப்பிடி?"

"ஓகே."

அதற்கு மேல் அவளிடம் சொல் இருக்காது. பிறகு கணவர் போனை வாங்குவார். "அவளுக்கு ஒண்டுமில்லை. நீ ஏன் யோசிக்கிறாய்?" என்பார்.

மதியத்துக்குப் பிறகு அந்த அம்மா வேறு ஆளாகிவிடுவார். சுவரோரமாக நடப்பார். நான் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று தலையைக் குனிவார். அப்போது மட்டும் என்னை "மேடம்" என்று கூப்பிடுவார். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே இங்கிலிஷ் சொல் அதுதான். "செம்பெல்லாம் துலக்கிவிட்டேன் மேடம்," என்று ஜேர்மனில் சொல்வார். வீட்டில் செம்புப் பாத்திரமே கிடையாது. நான் மகனிடம் கேட்டேன். அவருக்கும் விளங்கவில்லை.

ஒரு புதன்கிழமை மதியம் குளித்துவிட்டு வந்து பார்த்தால், கட்டிலில் கழற்றி வைத்த திறப்பைக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே தேடிக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. மகளின் பள்ளிக்கூடம். விளையாட்டு ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்துவிட்டதாம். ஆசிரியை ஒருவர் அம்புலன்ஸில் கூடப் போயிருக்கிறாராம். அப்பாவின் போன் வேலை செய்யவில்லை, நீங்கள் உடனே ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா என்று கேட்டார்கள்.

"ஓம், வாறன்," என்றேன். தமிழில் சொன்னேன் என்பதே அந்தப் பக்கத்தில் பேச்சில்லாமல் போன பிறகுதான் உறைத்தது.

கணவருக்கு எடுத்தேன், போன் அணைந்திருந்தது. வேலை நேரத்தில் அதை லொக்கருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அந்த அம்மாவின் மகனுக்கு எடுத்தேன். அவர் ஸ்கொட்லாந்தில், ஏதோ பாலத்துக்குக் கீழே. தகவல் விடச் சொன்னது இயந்திரக் குரல்.

வரவேற்பறைக்கு ஓடினேன். அந்த அம்மா கைகளை மடியில் வைத்து நாற்காலி நுனியில் இருந்தார்.

"திறப்பு எங்கே?"

"எனக்குத் தெரியாது மேடம்."

மேசைகளின் இழுப்பறை, அவருடைய கட்டில் மெத்தை, அடுப்பு, குப்பைவாளி, எல்லாம் பார்த்தேன். பிறகு சாடிகளைத் தொடங்கினேன். ஒவ்வொன்றாகத் தூக்கிக் கவிழ்த்துக் குலுக்கினேன். பழைய பொத்தான்கள் கொட்டின. செத்த ஈக்கள் கொட்டின. ஒன்றிலிருந்து அவருடைய மகனின் பால்பல் என்று நினைக்கிறேன், பஞ்சில் சுற்றியபடி விழுந்தது. அவசரத்தில் ஒரு மூடி நழுவி விளிம்பு உடைந்தது. போர்வீரர்களும் சிங்கங்களும் மீன்வால் பெண்களும் என்னையே பார்ப்பது போல் இருந்தது. நடுஅறையில் நின்று, வாய்விட்டு அழுதேன். என் பிள்ளை யாரோ ஒரு ஆசிரியையின் மடியில் கிடக்கிறாள், நான் இங்கே இன்னொருவர் வீட்டு மண்பாண்டத்துக்குள் கைவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அழுகையோடே அவருக்கு முன்னால் தரையில் குந்தினேன்.

"என் மகள் விழுந்துவிட்டாள். கை முறிந்துவிட்டது. நான் போக வேண்டும். நான் மேடம் இல்லை. நான் இங்கே வேலைக்கு வந்தவள். வேலைக்காரி."

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நீயும் வேலைக்காரியா?" என்று கேட்டார். அதுவரை என்னை அவர் 'நீ' என்று சொன்னதில்லை.

"ஓம்."

"உன்னையும் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டாளா?"

அப்போதுதான் சொன்னார், ஒழுங்கில்லாமல், துண்டு துண்டாக. பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்கு வீட்டு வேலைக்கு வந்திருக்கிறார். முதல் வீட்டு எசமானி வெளியே போகும்போதெல்லாம் இவரை உள்ளே வைத்துப் பூட்டி, திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போவாளாம். சமையலறை நிலத்துக்குக் கீழே. யன்னலில் தெருவில் போகிறவர்களின் சப்பாத்து மட்டும் தெரியும். இரண்டு வருடம் அப்படி இருந்தாராம். "இன்றைக்கு அவள் குளிக்கும்போது எடுத்துவிட்டேன்," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் வெற்றி.

எசமானி யார் என்று எனக்கு விளங்கியது. ஏழு மாதமாக அந்தத் திறப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்தவள் நான்தான்.

அந்த அம்மா எழுந்து யன்னலடிக்குப் போய்த் தாடிக்காரக் கூசாவை எடுத்து வந்தார். அதற்குள் திறப்பைப் போட்டு, அதன் மேல் கைக்குட்டையைத் திணித்து, அதன் மேல் காலுறையையும் குத்தி இறுக்கியிருந்தார். கழுத்து ஒடுங்கியது. என் இரண்டு விரல்தான் உள்ளே போனது. துணி இறுகிப்போய் இருந்தது. சமையலறைக் கரண்டியால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை.

"உடை," என்றார்.

"ஐயோ, ஏலாது. உங்கள் முதல் கூசா."

அவர் என் கையிலிருந்து அதை வாங்கி, தீயடுப்பின் கல்விளிம்பில் ஓங்கி அடித்தார். ஒரே அடி. தாடிக்காரரின் முகம் முழுசாகக் கழன்று கம்பளத்தில் விழுந்தது.

"அச்சில் வார்த்ததுதானே," என்றார். "உன் பிள்ளை அச்சில் வார்த்ததில்லை. போ."

கதவைத் திறந்தேன். வெளியே வெயில். அப்போதுதான் அடுத்த சங்கடம் தலைக்குள் ஏறியது. அவரைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது? பூட்டிவிட்டுப் போவதா? அவர் எனக்குப் பின்னால், நடைவழியில், ஏற்கெனவே ஒரு கையை மேலங்கிக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். பிரிக்ஸ்டனுக்கு பஸ், அங்கிருந்து விக்டோரியா லைன், கிங்ஸ் குரோஸில் மாறி மெற்றோபொலிட்டன் லைன். சுரங்கத்துக்குள் ஓர் இடத்தில் ரயில் நின்று, விளக்கு ஒருமுறை அணைந்து வந்தது. நான் கடவுளே கடவுளே என்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரோ எதிர் ஆசனத்துப் பெண்ணின் தொப்பியைப் பார்த்து, "நல்ல நிறம்," என்று ஜேர்மனில் பாராட்டிக்கொண்டிருந்தார். ரயில் நிலத்துக்கு மேல் வந்ததும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து ஹரோ வரைக்கும் அப்படியே வந்தார்.

மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். கை முழங்கைக்கு மேல்வரை பிளாஸ்டர். என்னைக் கண்டதும் அழவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது எனக்கு அழுகையைவிட மோசமாக இருந்தது. ஆசிரியைக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினால், அந்த அம்மா கட்டிலோரம் இருந்து பிளாஸ்டரை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் காயவில்லை," என்றார் மகளிடம், ஜேர்மனில். "அச்சும் இதே சாமான்தான். என் அம்மா வேலை செய்த இடத்தில் மலைபோல் கிடக்கும். காய்கிறபோது சுடும். சுடுகிறதா?"

மகள் என்னைப் பார்த்தாள். பதில் சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையாட்டினேன்.

"சுடுகிறது," என்றாள் ஜேர்மனில். பிறகு, "அரிக்கவும் செய்கிறது." பிறகு விழுந்த ஏணியைப் பற்றி, தள்ளிவிட்ட பெண்ணைப் பற்றி, அந்தப் பெண் தன் பேச்சைப் பழித்துக்காட்டுவதைப் பற்றி, ஒரு வருடமாக எங்களுக்குச் சொல்லாத எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். நான் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன்.

கணவர் ஆறு மணிபோல ஓடிவந்தார். "போன் லொக்கருக்கை கிடந்தது, எனக்குத் தெரியாதப்பா," என்று மூச்சு வாங்கினார். மகளைத் தூக்கிக்கொண்டவர் அந்த அம்மாவைப் பார்த்தார். "இவ ஆர்?"

"என்ரை வேலை," என்றேன். வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மகளை அவரோடு அனுப்பிவிட்டு, நான் அந்த அம்மாவோடு ஸ்ட்ரெதமுக்குத் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை மகன் வந்தார். உடைந்த கூசாத் துண்டுகளை ஒரு பெட்டியில் போட்டு மேசையில் வைத்திருந்தேன். ரயிலில் கூட்டிப்போனதைச் சொன்னதும் கோபத்தில் முகம் சிவந்தார். வழியில் விழுந்திருந்தால், தொலைந்திருந்தால் என்று கேட்டுக்கொண்டே போனார். கேட்டது நியாயம்தான். பிறகு நான் அந்த முதல் வீட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"எனக்கு அவர் இதைச் சொன்னதே இல்லை," என்றார்.

"இனி நான் கதவைப் பூட்ட மாட்டேன்."

"பூட்டாவிட்டால் போய்விடுவார்."

"நானும் கூடப் போவேன்."

அவர் பெட்டியிலிருந்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கடைசியில், சரி என்றார்.

அதன் பிறகு தினமும் மதியம் இருவரும் பிரதான வீதியில் நடந்தோம். பஸ் தரிப்பிடத்து வாங்கில் குந்திக்கொண்டு, போகிற பஸ்களைப் பார்த்தோம். என் விடுதலை என்று அதைத்தான் நினைத்தேன். ஆனால் அந்த அம்மாவுக்கு இப்போது நான் எசமானி இல்லை, கூட வேலைசெய்யும் தோழி. என்னைக் கண்பார்வையிலிருந்து விட மாட்டார். குளியலறைக்குப் போனால் வாசலில் நிற்பார். வெள்ளி மாலை நான் பையை எடுத்ததும் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வார். "என்னை இங்கே தனியாக விட்டுவிட்டா போகிறாய்?" என்பார். மகன் அந்த மொழி விளங்காமல் பக்கத்தில் நிற்பார். அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்பார். "போய்வரச் சொல்கிறார்," என்பேன். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு வெளியேறுவேன். கதவைப் பூட்டியிருந்த காலத்தில்கூட என் கால்கள் அவ்வளவு பாரமாக இருந்ததில்லை.

அடுத்த வருடம் எங்கள் வீட்டுக்கு அருகே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இடம் காலியானது. மகளை நாலு இரவு விட்டுவிட்டு இருக்க இனி என்னால் ஏலாது என்று அந்த மகனிடம் சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஜேர்மன் தெரிந்த இன்னொருவரைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. தாயை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார். சாடிகளை எடுக்க ஒரு பழம்பொருள் கடையிலிருந்து இரண்டு பேர் வந்து செய்தித்தாளில் சுற்றி ஏற்றினார்கள். கடைசி நாள் என்பதால் நான் உதவிக்கு நின்றேன். யன்னல் கட்டுகள் வெறுமையானதும் வீட்டுக்குள் வந்த வெளிச்சத்தில் சுவர்களெல்லாம் அழுக்காகத் தெரிந்தன.

இல்லத்துக்கு ஒரே ஒரு தடவை போனேன், மகளோடு. அங்கே யாருக்கும் ஜேர்மன் தெரியாது. அந்த அம்மா யாரோடும் பேசுவதில்லை, நல்ல அமைதியான ஆள் என்று தாதி சந்தோஷமாகச் சொன்னார். மகள் பக்கத்தில் இருந்து பேசினாள். அவர் அவளுடைய கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார், பதிலுக்கு இரண்டொரு சொல் சொன்னார். என்னைத் தெரிந்ததாகக் காட்டவில்லை. திரும்பும்போது வாசற்கதவில் இலக்கம் அழுத்தித் திறக்கிற பூட்டு. இலக்கம் எங்களுக்குத் தெரியாது. யாராவது வரும்வரை நானும் மகளும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் கைப்பையும் தொப்பியுமாக இன்னொரு முதியவரும் நின்றார். அவர் அங்கே எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கிழமையும் போவோமா என்று மகள் பஸ்ஸில் கேட்டாள். போவோம் என்றேன். போகவில்லை. வேலை, ஷிப்ட், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு என்று ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு காரணம் சொன்னேன். மறுபடி அந்த விரல்களை விலக்கிவிட்டு வர என்னால் ஏலாது என்பதுதான் உண்மை. அதை மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.